கீமோ தொடங்கிய பிறகு என் கருவாட்டு மணம் மனைவிக்கு ஆகவில்லை. என்ன செய்யலாம்?

கருவாட்டுக்கடை (திருகோணமலை) எழுதியது:

வணக்கம். நிறைய நாளாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கேள்வி கொஞ்சம் விசித்திரமானது. சிரிப்பு வந்தால் பரவாயில்லை, பதிலைச் சொல்லிவிட்டுச் சிரியுங்கள்.

எனக்குத் திருகோணமலையில் கருவாட்டுக் கடை. அப்பா காலத்தில் இருந்து நடக்கிறது. நெத்தலி, கீரி, கட்டா, திருக்கை, சுறா எல்லாம் உண்டு. மனைவிக்கு 43 வயது. சித்திரை வருடப்பிறப்பு கழிந்து கொஞ்ச நாளில் மார்பில் ஒரு கட்டி என்று தெரிந்தது. ஒப்பரேசன் முடிந்து இப்போது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் கீமோ தொடங்கியிருக்கிறது. மூன்று கிழமைக்கு ஒரு தடவையாக முதலில் நான்கு, அதற்குப் பிறகு வேறு மருந்து என்று டொக்டர் சொன்னார். முதலாவது ஏற்றி இன்றைக்கு ஒன்பதாம் நாள்.

அன்றைக்கு விடிய நான்கு மணிக்கே வான் பிடித்துவிட்டோம். கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை என்று கரையோரமாகப் போகிற பாதை. என் தங்கச்சி, அண்ணி வெறுவயிற்றோடு போகக்கூடாது என்று இடியப்பமும் சொதியும் கட்டித் தந்தாள். அது இவளுக்கு உயிர். வாகரை தாண்டி வானை நிறுத்திச் சாப்பிட்டோம். ஆஸ்பத்திரியில் முதலில் சேலைன், பிறகு சத்தி (வாந்தி) வராமல் இருக்க ஒரு ஊசி, அதற்குப் பிறகு பெரிய சிரிஞ்சில் சிவப்பாக ஒரு மருந்து. மிஸ்ஸி பக்கத்திலேயே கதிரை போட்டு உட்கார்ந்து மெதுமெதுவாக ஏற்றினார். எனக்குக் கால் நடுங்கியது. இவள் அந்தச் சிரிஞ்சைப் பார்த்துவிட்டு, "சர்பத் மாதிரி இருக்கு, கசகசாதான் இல்ல" என்றாள். மிஸ்ஸிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று இரவு கல்லடியில் மச்சாள் வீட்டில் தங்கினோம். சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். இல்லாவிட்டால் நான் அன்று ராத்திரியே அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு இரவு அவளுக்கு நித்திரை இல்லை. இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் குசினி அலுமாரியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அது ஆஸ்பத்திரியில் தந்த ஒரு குளிசையின் வேலையாம். மூன்றாம் நாள் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

நான்காம் நாள் கடையைத் திறந்தேன். திறக்காமல் முடியாது. மருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கிறது, ஆனால் வான் காசில்லாமல் ஓடாது. பின்னேரம் வீட்டுக்கு வந்தால், கட்டிலில் இருந்தவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். ஏதோ கோபம் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அப்படியே. ஆறாம் நாள் மகள் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற பிள்ளை. "அப்பா, அம்மாவுக்கு உங்கட மணம் ஒத்துவரல்ல. நீங்க கேட்டத் திறக்கேக்கையே சத்தி வருதாம். உங்களிட்டச் சொல்ல வேண்டாம் எண்டவ."

எங்களுக்குக் கல்யாணமாகி 17 வருடம். பெண் பேசின காலத்தில் இவளுடைய பெரியப்பா, போயும் போயும் கருவாட்டுக்காரனுக்கா என்று கேட்டாராம். இவள்தான், மணம் பழகிப்போகும், குணம்தான் பழகாது என்று சொன்னவள். அப்படிச் சொன்னவளுக்கு இப்போது மணம் ஆகவில்லை.

சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் முழுகிப் பார்த்தேன். சரிவரவில்லை. கொலோன் பூசிக்கொண்டு போனேன். அது பெரிய பிழை. அவள் சத்தி எடுக்கப் பேசினை நீட்டவும் நேரம் கிடைக்கவில்லை. இப்போது நான் விறாந்தையில் பாய் போட்டுப் படுக்கிறேன். கேட்டால் உள்ளே புழுக்கம் என்று சொல்கிறேன். அவளும் நம்புகிற மாதிரி இருக்கிறாள்.

நான் கேட்பது இதுதான். இந்த மணத்தைப் போக்க வழி உண்டா? எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்வதா, தெரியாதவன் மாதிரியே இருப்பதா? இன்னும் 12 நாளில் இரண்டாவது மருந்து. இடியப்பத்தைக் கண்டாலும் இப்போது முகத்தைத் திருப்புகிறாள். என்ன கொடுப்பது என்றும் தெரியவில்லை.


மல்லிகைப்பந்தல் (யாழ்ப்பாணம்) எழுதியது:

அண்ணா, நான் மூன்று வருடத்துக்கு முதல் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் இதே சிவப்பு மருந்து ஏற்றினவள். இப்போது சுகமாக இருக்கிறேன். அக்காவின் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

எனக்கு ஆகாமல் போனது சோறு கொதிக்கிற மணம். மற்றது இவர் முகச்சவரம் செய்கிற கிரீம். அவர் வங்கியில் வேலை, ஒவ்வொரு நாளும் சவரம். நான் இரண்டு மாதம் வாய் திறக்கவில்லை. சமைப்பது அவர், பிள்ளையைப் பள்ளிக்கூடம் விடுவது அவர், என் வாளியைக் கழுவுவதும் அவர். அந்த மனிசனிடம் போய் உங்களைக் கண்டால் குமட்டுது என்று எப்படிச் சொல்வது? கடைசியில் ஒரு நாள் சண்டையில் வாய் தவறி வந்துவிட்டது. அவர், இதை முதலே சொல்லியிருந்தால் நான் தாடி வளர்த்திருப்பேனே என்றார். பிறகு வளர்த்தார். கேவலமாக இருந்தது, ஆனால் மணக்கவில்லை.

அதனால் சொல்லிவிடுங்கள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "எனக்கு எல்லாம் தெரியும்" என்று தொடங்க வேண்டாம். அப்படிச் சொன்னால் உங்களைத் தேற்றுகிற வேலையும் அக்காவின் தலையில்தான் விழும். வழக்கமாக எப்படிக் கதைப்பீர்களோ, எப்படி ஏசுவீர்களோ அப்படியே சொல்லுங்கள். விறாந்தைப் புழுக்கக் கதை அவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? 17 வருடம் குடும்பம் நடத்தினவர்.

இடியப்பத்தின் கதை எனக்கு விளங்கும். மருந்து ஏற்றுகிற அன்று சாப்பிட்டது எதுவோ அது மனதில் சத்தியோடு சேர்ந்து பதிந்துவிடும். ஆகையால் அன்றைக்கு அவருக்கு விருப்பமான எதையும் கொடுக்காதீர்கள். போனாலும் கவலையில்லை என்கிற சாப்பாடாகக் கொடுங்கள். நான் கிரீம் கிராக்கரும் வெறுந்தேத்தண்ணியும் எடுத்தேன். இன்றைக்கும் கிரீம் கிராக்கர் பெட்டியைக் கண்டால் தலை சுற்றும், ஆனால் அதில்லாமல் வாழலாம். இடியப்பத்தைக் கொஞ்சக் காலம் கண்ணில் காட்டாமல் இருந்தால் திரும்பி வரும்.

சூடான சாப்பாடுதான் கூட மணக்கும். ஆறவைத்துக் கொடுங்கள். மூடியை அவருக்கு முன்னால் திறக்காமல் குசினியிலேயே திறந்து ஆவி போன பிறகு கொண்டுபோங்கள். எனக்கு வாயெல்லாம் இரும்பை நக்கின மாதிரி இருந்தது, சில்வர் கரண்டி தொடவே முடியாது. அம்மா ஒரு சின்னச் சிரட்டை அகப்பை தேடித் தந்தார். அதால்தான் ஆறு மாதம் சாப்பிட்டேன்.

முடியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. எனக்கு 16ஆம் நாள் தலையணையில் கொத்தாகக் கிடந்தது. அதற்கு முதலே கட்டையாக வெட்டுவதா என்று அவரிடம் கேளுங்கள். கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன், நீங்களாகக் கத்தரிக்கோலோடு போய் நிற்க வேண்டாம்.


வேப்பமரம் எழுதியது:

தம்பி, கடையை ஆறு மாதம் பூட்டு. உயிரைவிடக் கருவாடு பெரிதா? காட்டு அன்னமுன்னா இலையைப் பத்து எடுத்து அவித்து, காலையும் மாலையும் குடிக்கக் கொடு. புற்றுநோய்க்குக் கைகண்ட மருந்து. எங்கள் ஊரில் எத்தனையோ பேர் குடித்திருக்கிறார்கள்.


ஓய்வுபெற்ற மிஸ்ஸி (மட்டக்களப்பு) எழுதியது:

வேப்பமரம் ஐயா, நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த இலைக் கசாயம் மனிதரில் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று நிரூபிக்கப்படவில்லை. கீமோ மருந்துகளைக் கையாள்கிற வேலை ஈரலுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதோடு இன்னொன்றைச் சேர்த்தால் என்ன நடக்கும் என்று யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள். தம்பி, கசாயம், சூரணம், விற்றமின் எதுவானாலும் டொக்டரிடம் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். கடையைப் பூட்டுகிறவருக்கு வான் காசு யார் கொடுப்பது என்பதையும் ஐயா எழுதவில்லை.

தம்பி மணத்தைப் பற்றிக் கேட்டார், எனக்குக் கண்ணில் பட்டது "ஒன்பதாம் நாள்" என்பதுதான். 32 வருடம் வாட்டில் நின்றவள், ஆகையால் இதை முதலில் சொல்கிறேன். ஏழாம் நாளில் இருந்து பதினான்காம் நாள் வரைதான் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஆகக் குறைந்திருக்கிற காலம். அப்போது வருகிற காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் இல்லை. இன்றைக்கே ஒரு தேமாமீற்றர் வாங்குங்கள். 38 பாகை செல்சியஸ், பரனைற்றில் 100.4. அதைத் தொட்டால் ராத்திரி ஒரு மணியானாலும் ஆஸ்பத்திரி. பனடோல் (பரசிற்றமோல்) கொடுத்துப் பார்த்துவிட்டு விடியப் போவோம் என்று இருக்க வேண்டாம். பனடோல் காய்ச்சலை மறைக்கும், கிருமி உள்ளே தன் பாட்டில் வேலை செய்யும். மட்டக்களப்புக்குத்தான் வரவேண்டும் என்றும் இல்லை. கிட்ட உள்ள பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், வாசலிலேயே "கீமோ ஏத்தி இத்தனையாம் நாள், காய்ச்சல்" என்று சொல்லுங்கள். பெயர், வயது எல்லாம் பிறகு. கிளினிக் கொப்பி கையில் இருக்கவேண்டும். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசில்லை.

சத்திக் குளிசை: சத்தி வந்த பிறகு போடுவதற்கு அது பனடோல் இல்லை. எழுதித் தந்த நேரத்துக்கு, சத்தி இல்லாவிட்டாலும் போடவேண்டும். சில குளிசைகள் மலச்சிக்கலைக் கொண்டுவரும். பெண்கள் இதைச் சொல்ல வெட்கப்பட்டு வயிறு ஊதி வந்து நிற்பார்கள். நீங்களே கேளுங்கள். நித்திரை கெடுக்கிற குளிசையைக் காலையில் போடலாமா என்று அடுத்த தடவை டொக்டரிடம் கேளுங்கள், கூடியவரை காலையில்தான் போடச் சொல்வார்கள். தண்ணீர்கூட வயிற்றில் நிற்காமல் ஒரு நாள் முழுக்கச் சத்தி எடுத்தால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

பல் தீட்ட மெல்லிய பிரஷ், சாப்பிட்ட பிறகு உப்புத் தண்ணீரால் வாய் கொப்பளிக்க வேண்டும். மருந்து ஏற்றி 48 மணித்தியாலத்துக்கு மலகூடத்தை மூடியை மூடி இரண்டு தரம் ஃபிளஷ் பண்ணுங்கள், சத்தி வாளியைக் கையுறை போட்டுக் கழுவுங்கள். பயத்தில் பிள்ளைகளை அம்மாவிடம் போகாமல் தடுத்துவிட வேண்டாம். கட்டிப்பிடிக்கலாம், பக்கத்தில் படுக்கலாம். தடிமன், காய்ச்சல் உள்ள ஆட்களைத்தான் கேட்டுக்கு வெளியே நிறுத்தவேண்டும், சொந்தமானாலும்.

மணத்தையும் சும்மா விட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று தடவை ஒரு மணத்தோடு சத்தி வந்து பழகினால், பிறகு மருந்து ஏற்ற முன்னமே, அந்த மணத்தை நினைத்தாலே வரும். ஆஸ்பத்திரி வாசலில் சத்தி எடுத்த ஆட்களைக் கண்டிருக்கிறேன். இரண்டாவது மருந்துக்கு முதல் இதற்கு ஒரு வழி பண்ணுங்கள்.


கிண்ணியாக்கரை எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் அண்ணன். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல என்னைவிடத் தகுந்த ஆள் இல்லை. எங்கள் வாப்பா மீன் வியாபாரி, நான் படிப்பிப்பது விஞ்ஞானம். என் மனைவி மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்தவர்.

மீன் நாற்றத்துக்கு முக்கிய காரணம் ட்ரைமெத்தைலமைன் என்ற பொருள். அது கார இயல்புள்ளது. நீங்கள் போடுகிற சவர்க்காரமும் காரம். காரத்தைக் காரத்தால் போக்க முடியாது. புளிப்பு பட்டால்தான் அது உப்பாக மாறி, காற்றில் எழும்பாமல் தண்ணீரோடு போகும். எங்கள் உம்மா மீன் வெட்டிவிட்டுப் புளி போட்டுக் கை கழுவியது எட்டாம் வகுப்பு இரசாயனம்தான், அவருக்குப் பெயர் தெரியாது, அவ்வளவுதான்.

ஆகையால் முதலில் தேசிக்காய் அல்லது கரைத்த புளி. கை, முழங்கை, கழுத்து, நகக்கண், தாடி எல்லாம் தேய்த்து ஐந்து நிமிடம் விடுங்கள். அதற்குப் பிறகுதான் சவர்க்காரம், அதுவும் வாசம் இல்லாதது. கடை உடுப்பை வினாகிரித் தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயப்போடுங்கள். இந்த வேலை எல்லாம் கடையிலேயே முடியவேண்டும், கடைச் சாரமும் செருப்பும் வீட்டு வாசலுக்கு வரவே கூடாது. கடைக்குப் பின்னால் ஒரு பைப் இருக்கும்தானே? அங்கேயே குளியுங்கள்.

நாங்கள் திருகோணமலையில் ராத்திரி ரயில் ஏறி, விடியக் கொழும்புக் கோட்டை ஸ்டேசனில் இறங்கி, அங்கிருந்து மஹரகமவுக்கு பஸ். மனைவிக்குச் சிங்களம் வராது, எனக்கு அரைகுறை. அதனால் ஒரு கொப்பி வைத்திருந்தேன். எத்தனை மணிக்குக் குளிசை, எத்தனை தரம் சத்தி, காய்ச்சல் எவ்வளவு, என்ன சாப்பிட்டார். டொக்டர் கேட்டால் கொப்பியை நீட்டுவேன், இலக்கத்துக்கு மொழி தேவையில்லை. இரண்டாவது மருந்தின்போது முதலாவதின் பக்கத்தைப் புரட்டி, நான்காம் நாள் மோசம், ஆறாம் நாள் கொஞ்சம் சோறு இறங்கும் என்று மனைவிக்கே வாசித்துக் காட்டுவேன். எங்களுக்கு அந்தக் கொப்பி பெரிய உதவி. துஆ செய்கிறோம்.


கருவாட்டுக்கடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று கிழமையாக எழுத நேரம் கிடைக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மிஸ்ஸி அம்மாவுக்குத்தான் முதல் கும்பிடு. நீங்கள் எழுதிய அன்று பின்னேரமே பாமசியில் தேமாமீற்றர் வாங்கினேன். பதினோராம் நாள் இரவு 38.3. மாமி பனடோல் கார்டைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் வாழ்க்கையில் முதல் தடவையாக மாமியை எதிர்த்துக் கதைத்தேன். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய் வாசலிலேயே நீங்கள் சொன்ன வசனத்தைச் சொன்னேன். உடனே இரத்தம் எடுத்து மருந்து ஏற்றினார்கள். நான்கு நாள் வாட்டு. அணுக்கள் ஏற நாள் எடுத்ததால் இரண்டாவது கீமோ ஒரு கிழமை பிந்தித்தான் நடந்தது. மாமி இப்போது ஊரெல்லாம் பனடோலுக்கு எதிராகப் பிரசங்கம் செய்கிறார்.

வாட்டில் இருந்தபோதுதான் கதைத்தேன். மல்லிகைப்பந்தல் தங்கச்சி சொன்ன மாதிரி ஏசித்தான் தொடங்கினேன். "கருவாட்டுக்காரன்தான் வேணும் எண்டு ஒற்றைக் காலில நிண்டது நீ. இப்ப சுவரப் பாத்துப் படுத்தா எப்படி?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "விறாந்தையில நுளம்பு கடிக்கல்லையா?" என்று கேட்டாள். அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. இரண்டு பேரும் அழுதோம், பக்கத்துக் கட்டில் அம்மா எங்களுக்கும் சேர்த்து அழுதார்.

முடியை அவளே வெட்டச் சொன்னாள். மகள்தான் வெட்டினாள். பத்திரகாளி அம்மனுக்கு நேர்ந்தது என்று ஊருக்குச் சொல்லிக்கொள்கிறாள். கேட்கிறவர்களுக்கும் அது வசதியாக இருக்கிறது, மேலே கேள்வி வருவதில்லை.

ஆனால் மணம் இலேசில் போகவில்லை. கிண்ணியாத் தம்பி சொன்னபடி தேசிக்காய், புளி, வினாகிரி, கடைப் பைப்பில் குளியல், வீட்டுக்கு வேறு செருப்பு. ஊறுகாய் மாதிரி இருந்தேன். கை மணக்கவில்லை, உடுப்பு மணக்கவில்லை, மகள் மோந்து பார்த்துச் சரி என்பாள். அறைக்குள் போனால் இவள் மூக்கைச் சுருக்குகிறாள். ஹெல்மெட் பட்டியைப் பிடித்தோம், அது ஒன்று. போன் கவரை மாற்றினோம். அப்படியும் இருக்கிறது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, இது மணம் இல்லை, மனதுதான் என்று.

கடைசியில் கண்டுபிடித்தது மகன். ஏழாம் வகுப்பு. காசு கேட்டான், சட்டைப் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். "அப்பா, இது நெத்தலி மணக்குது" என்றான்.

காசு! நாள் முழுக்கக் கருவாடு பிடித்த கையால் வாங்கி, கருவாடு கட்டுகிற மேசையில் வைத்து எடுக்கிற நோட்டு. அதை நெஞ்சுக்கு மேலே பையில் வைத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் குனிந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு நாளும். 20 வருடமாக மூக்குக்குக் கிட்ட இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது கடைக் காசு எல்லாம் கடையில் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள். வீட்டுச் செலவுக்கு, பக்கத்து மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்து மாற்றிக்கொண்டு போகிறேன். அந்தாளுக்கு விசயம் தெரியும். மணக்கிற நோட்டை மூக்கைப் பிடித்துக்கொண்டு வாங்கிவிட்டு, மணக்காத நோட்டாகத் தேடிப் பொறுக்கித் தருகிறார்.

இரண்டாவது மருந்துக்குப் போகும்போது கிரீம் கிராக்கர் கொண்டுபோனோம். இன்று ஐந்தாம் நாள். கொப்பியில் எழுதியிருப்பது: காய்ச்சல் இல்லை, 36.8. சத்தி ஒரு தரம். மத்தியானம் ஆறின கஞ்சி ஒரு கிண்ணம், தேசிக்காய் ஊறுகாய் தொட்டு. ஊறுகாய் கூடுமா என்று மிஸ்ஸி அம்மா சொல்லுங்கள், வாய் இன்னும் புண்ணாகவில்லை. பின்னேரம் நான் கேட்டைத் திறக்கும்போது உள்ளே இருந்தே சத்தம் போட்டாள்: "காசு மாத்திட்டீங்களா?"